தேவிப்ரியா வாங்கிய வெள்ளிக்காசுகள்

வீட்டை விட்டுப் போனவர்களைத் தேடிக்கொண்டு திருவண்ணாமலைக்கு ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். மகனைக் காணோம், தம்பியைக் காணோம், சாமியாராகிவிட்டான் போலிருக்கிறது என்று கையில் போட்டோவோடு கிரிவலப் பாதையில் காவி கட்டிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். செங்கம் ரோட்டு மருந்துக்கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் தேவிப்ரியாவிடமும் அப்படி எத்தனையோ பேர் போட்டோவை நீட்டியிருக்கிறார்கள். "பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்வாள்.

அந்த ஊரிலிருந்துதான் அவள் புருஷன் காணாமல் போனார்.

திருமலை ஒரு தனியார் பள்ளியில் வரலாற்று வாத்தியார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காட்பாடியில் பழங்காசு விவரம் தெரிந்த ஒருவரைப் பார்த்துவிட்டு மத்தியான ரயிலில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பவில்லை. போன் வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது. சட்டைப் பையில் அவர் எடுத்துப் போனது ஒரே ஒரு ரோமாபுரி வெள்ளிக்காசு.

அதற்கு முன் ஆறு மாதமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. சோற்றில் கை வைத்த மாதிரியே எழுந்துவிடுவார். பேச்சும் வற்றிப்போயிருந்தது. அந்தக் காசை எடுத்து வைத்துக்கொண்டால் மட்டும் நாலு வார்த்தை வரும். "தங்கக்காசு ராஜாவுக்கு, தேவி. இது கூலி. அந்தக் காலத்துல ஒருத்தன் நாள் பூரா ஒழைச்சா இது ஒண்ணு கையில வரும். தேய்ஞ்சதா பாத்து வாங்கினா நம்மால கூட முடியும்" என்பார். அந்தக் காசில் ஒரு பக்கம் அகஸ்டஸ் ராஜாவின் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் இரண்டு இளவரசர்கள். ராஜாவின் கழுத்தில் குறுக்காக இரண்டு வெட்டு. நம் ஊர் ஆள் யாரோ எப்போதோ வெட்டியது என்று அவர் சொன்னதை அவள் பாதி காதில்தான் வாங்கியிருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னாம்மா, சாமியாரா பூட்டாரா? ஆசிரமம் ஆசிரமமா போய்ப் பாரும்மா" என்றார். அவளும் பார்த்தாள். நாலு பௌர்ணமி, லட்சம் பேர் நடுவில், தாடி வைத்த ஒவ்வொரு முகத்தையும். பாதி வழியில் அடி அண்ணாமலை வரும்போதெல்லாம் கால் வெடித்து ரத்தம் கசியும். அன்னதான வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சாமியார், "என்னையே எவ்ளோ நேரம்மா பாப்ப?" என்று கேட்ட பிறகுதான் நடப்பதை விட்டாள்.

ஐந்தாம் மாதம் அவருடைய நோட்டு ஒன்று கிடைத்தது. 'வாங்க வேண்டியவை' என்று தலைப்பு. கீழே காசில் இருக்கும் ரோமாபுரி ராஜா, ராணிகளின் பன்னிரண்டு பெயர்கள், விலை குறைந்ததிலிருந்து ஏறுவரிசையில். செப்டிமியஸ் செவரஸ், ஜூலியா டோம்னா, மூன்றாம் கார்டியன், அன்டோனினஸ் பயஸ் என்று போயிற்று. அவளுக்கு வாயில் நுழையாத பெயர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, தேரடி வீதிப் பக்கம் பழங்காசும் ஸ்டாம்பும் விற்கும் அய்யூப் பாயின் கடைக்குப் போனாள். திருமலை அடிக்கடி போன கடை அது.

கடையில் காசு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், காணாமல் போனவர், போலீஸ் என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததும் மெதுவாக எழுந்து போய்விட்டார்கள். பழங்காசுக்காரர்களுக்குப் போலீஸ் பேச்சு ஆகாது. அய்யூப் பாயும், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று வேறு பக்கம் திரும்பினார். தேவிப்ரியாவுக்கு என்ன தோன்றியதோ, நோட்டின் முதல் வரியில் விரலை வைத்து, "இது இருக்குதா பாய்?" என்று கேட்டாள்.

அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்று அவள் வாங்கிய செவரஸ் காசு கால் ரூபாய் அகலம்தான் இருக்கும். விலை அவளுடைய பாதி மாதச் சம்பளம். "ரோமன்ல கம்மி விலை இதுதாம்மா. இந்த ராஜா ஜாஸ்தி அடிச்சுத் தள்ளினான்" என்றார் பாய். வீட்டுக்கு வந்து, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். அடுத்த வாரம் அதைப் பார்த்த பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! ஆயிரத்தி எண்ணூறு வருசமா படிஞ்ச கறுப்பு, அதுக்குத்தான் மதிப்பே. ஒரு நிமிசத்துல தேச்சு எடுத்துட்டியேம்மா!"

ஆனால் அதற்குப் பிறகு அவர் வாய் திறந்தார். திருமலை கடைசியாக வந்த நாள், அவர் விசாரித்த காட்பாடிக்காரர், அந்த ஆளை அவர் போய்ப் பார்க்கவே இல்லை என்பது, எல்லாவற்றையும் சொன்னார். அப்படியானால் அவர் காட்பாடிக்கே போகவில்லை என்று தேவிப்ரியா நினைத்துக்கொண்டாள். வடமாவட்டத்துக் காசு சேகரிப்பவர்களின் வாட்ஸாப் குழுவிலும் அவளைச் சேர்த்துவிட்டார். எடை பார்க்கவும், விளிம்பில் ஒட்டுக் கோடு இருந்தால் அது வார்த்தெடுத்த போலி என்று கண்டுபிடிக்கவும், விற்பவரிடம் ரசீது இல்லாமல் வாங்காமல் இருக்கவும் சொல்லிக்கொடுத்தார். மாத்திரை அட்டையில் பொடி எழுத்துத் தேதியைப் படித்துப் பழகிய கண் அவளுக்கு. காசின் ஓரத்து எழுத்துகளைப் பாயை விட வேகமாகப் படித்தாள்.

இரண்டாவது வாங்கினாள். மூன்றாவது வாங்கினாள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். அவள் மனதில் ஓடிய கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. அவர் எங்கே இருந்தாலும் இந்தக் காசுகளைத் தேடாமல் இருக்க மாட்டார். அவர் தேடுவதெல்லாம் என்னிடம் இருந்தால், என்னைத் தேடி வந்துதானே ஆக வேண்டும்? பகலில் யோசித்தால் அவளுக்கே இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. இருந்தும் விட முடியவில்லை.

"அப்பாவைப் புடிச்ச பைத்தியம் இப்ப உன்னைப் புடிச்சிருக்கு" என்றாள் மகள் கவிநிலா. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் தேவிப்ரியாவின் காதில் தங்கத் தோடு போய்க் கவரிங் கம்மல் ஏறியிருந்தது. தோட்டை விற்ற பணத்தில், பாயைக் கேட்காமல், குழுவில் முகம் தெரியாத ஒருவரிடம் ஆறாவது காசை வாங்கியிருந்தாள்.

காசு சேர்க்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆன ஒரு மத்தியானம், கடையில் நிற்கும்போது குழுவில் ஒரு போட்டோ வந்தது. 'இது என்ன காசு என்று யாராவது சொல்லுங்கள்' என்று சகாதேவன் என்பவர் கேட்டிருந்தார். அகஸ்டஸ் தலை. கழுத்தில் குறுக்காக இரண்டு வெட்டு. எதிரே நின்றவர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது அவள் காதில் விழவே இல்லை.

சகாதேவன் காட்பாடியில் ரயில்வே பார்சல் ஆபீஸ் ஊழியர். "ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ல பாத்திரம் கழுவுறவரு குடுத்ததும்மா" என்றார் போனில். "மூணு நாளா காய்ச்சல்ல கெடந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம கையில வச்சு அழுத்திட்டாரு. படிச்ச ஆளு மாதிரி இருக்காரு. பேசத்தான் மாட்டேங்குறாரு."

காட்பாடி. ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

மறுநாளே போனாள். மெஸ்ஸின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே குனிந்து உட்கார்ந்திருந்தார். பாதி நரைத்த தாடி. தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. அவளைப் பார்த்ததும், "தேவி" என்றார். சாப்பிடக் கூப்பிட வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க?" என்று மட்டும்தான் கேட்க வந்தது.

அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தார். "திரும்பி வர்ற ரயில் வந்துச்சு. ஏறணும்னுதான் நின்னேன். கால் எழலை. அடுத்த ரயிலும் வந்துச்சு. அதுலயும் முடியலை. இருட்டிப்போச்சு. இருட்டினப்புறம் உன்கிட்ட இன்னா சொல்றதுன்னு தெரியலை. மறுநாள் அதைவிடத் தெரியலை."

"வாட்ஸாப்ல போட்டுக்கிட்டே இருந்தேனே, உங்க லிஸ்ட்டுல இருந்ததெல்லாம். ஒண்ணு கூடவா பாக்கலை?"

"எனக்கு ஏது போன்?"

கைப்பையிலிருந்து காசுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் விளிம்பில் மட்டும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணில் உயிர் வந்தது. "டோம்னா நல்லா இருக்குது. இது கார்டியன், இல்ல?" என்றவர், ஆறாவதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "இது போலி, தேவி."

அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்தது. தோடு போனதற்காக இல்லை. இரண்டு வருடமாக அவள் ஏங்கிக் கிடந்த அந்த உயிருள்ள முகம் காசுக்காகத்தான் வந்தது, அவளுக்காக வரவில்லை.

"வாங்க, போலாம். டாக்டரைப் பாக்கலாம். இதுக்கு மாத்திரை இருக்குதுங்க" என்று கெஞ்சினாள். தூக்கம் இல்லை, சாப்பிட முடியவில்லை, பேசப் பிடிக்கவில்லை என்று டாக்டரிடம் சொல்லிச் சீட்டு வாங்கி வருகிறவர்களுக்கு அதே மாத்திரையை அவள் தினமும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் ஒருத்தர் அப்படிக் கிடந்ததை ஆறு மாதம் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை.

"அந்த வூட்டுக்கு வந்தா மறுபடியும் அந்த மோட்டுவளையைத்தான் பாத்துக்கினு படுத்திருப்பேன். பயமா இருக்குது" என்றார். காசுகளை அவரிடமே விட்டுப்போகப் பார்த்தாள். "இங்க பூட்டுகூட இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மெஸ்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டு தனியாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தாள். ரயில் வந்து நின்றபோது அவளுக்கும் கால் எழவில்லை. வீட்டில் பெண் தனியாக இருப்பாள் என்ற நினைப்புதான் ஏற்றிவிட்டது.

கவிநிலா எல்லாவற்றையும் அசையாமல் கேட்டாள். "என்னைப் பத்திக் கேட்டாரா?" என்றாள்.

"பத்தாவது பாஸ் பண்ணிட்டாளான்னு கேட்டாரு. நானூத்தி அறுபத்தி மூணுன்னு சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கினு வந்தாரு."

கவிநிலா எழுந்து காலண்டரைப் பார்த்தாள். பிறகு, "சனிக்கிழமை லீவு. நான் போறேன். நீ வராத. உன்னைப் பாத்தா அவருக்கு வூடு ஞாபகம் வருது" என்றாள். அந்தப் பேச்சு தேவிப்ரியாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மகளை ரயிலேற்றிவிட்டு, சாயங்காலம் அவள் இறங்கும்வரை பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் கவிநிலா போய்வந்தாள். ஐந்தாவது சனிக்கிழமைதான் அவர் அவளோடு வேலூரில் டாக்டரிடம் போனார். மாத்திரைச் சீட்டைக் கவிநிலா அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். தேவிப்ரியா அந்த மாத்திரைகளைத் தன் கையாலேயே எடுத்து, காலை, இரவு என்று அட்டையில் எழுதி, மகளிடம் கொடுத்தனுப்புகிறாள். மாத்திரையை விழுங்கிவிடுகிறாராம். தூங்குகிறாராம். வீட்டுக்கு வருவதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.