அண்ணி நம்பாத எண்

என் அண்ணி யாரையும் நம்ப மாட்டார். பாலை இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். "நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பார். இந்தக் கண்கொத்திப் பாம்போடு ஒரே வீட்டில் இருக்கிறேன். எனக்குக் கோபம் வருவதில் என்ன தப்பு?

அவர் வேலைக்கு அந்தக் குணம் பொருத்தம்தான். வளையும் கருவிகள் செய்யும் சின்னத் தொழிற்கூடத்தில் ரப்பர் கலவை அவர் பொறுப்பு. சிலிக்கோன் கூழில், கண்ணுக்கே தெரியாத கார்பன் குழாய்களைச் சேர்த்து, கட்டி தட்டாமல் கலக்கி, மெல்லிய கறுப்புப் பட்டைகளாக வார்ப்பார். வெறும் ரப்பரில் மின்சாரம் ஓடாது. இதில் குழாய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் ஓடும். பட்டையை இழுத்தால் அந்தத் தொடுதல் விட்டுப்போகும், மீட்டரில் மின்தடை எண் ஏறும். புதுப் பட்டை முதலில் தாறுமாறாகக் காட்டுமாம். அண்ணி அதை ஓயாமல் இழுத்து, சூடாக்கி, நனைத்து, எதற்கும் மசியாததைத்தான் வெளியே விடுவார். ஒரு தொகுதி தேறவே மாதக்கணக்கில் ஆகும்.

அண்ணன் ஏணியிலிருந்து விழுந்ததில் வலக்கை நரம்பு அடிபட்டு, விரல்கள் அசையாமல் கிடந்தன. "தானா அசைவு வந்தா சரி. இல்லேன்னா ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது, தசை வீணாயிடும்" என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் விரல் வராதாம். கண்ணுக்குத் தெரியாத அசைவையும் பட்டை காட்டிவிடும் என்று, தேறிய தொகுதியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து அண்ணனின் ஆள்காட்டி விரலில் ஒட்டினார் அண்ணி. ஒயர் சட்டைக்கைக்குள் ஏறி, மேசையிலிருந்த மீட்டருக்குப் போனது.

ஒரு மாலை எண் ஏறியது. அம்மா ஓவென்று அழுதாள். "ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான் அண்ணன், முகமெல்லாம் சிரிப்பாக.

அண்ணி மீட்டரைப் பார்க்கவே இல்லை, அண்ணனையே பார்த்தார். "இன்னொரு தடவை பண்ணுங்க." ஏறியது. "இன்னொரு தடவை." ஏறியது. அதன் பிறகு தினமும் இதே விசாரணை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் தேறுவது பிடிக்காத பெண் உண்டா? இவர் மனதில் வேறு ஏதோ ஓடுகிறது என்று எனக்கும் சந்தேகம் முளைத்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், வேண்டாம் என்று சொல்ல அம்மா போனை எடுத்தாள். அண்ணி அதை வாங்கி வைத்தார்.

"பட்டை கெட்டுப்போச்சு அத்தை. என் கலவை சரியில்ல. அது காட்டினது எதுவும் நெசமில்ல."

அங்கேயே நின்று முதலாளிக்கும் போன் போட்டு, தொகுதி மொத்தமும் குப்பைக்குத்தான் என்றார். மறுமுனையில் அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது. அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "அப்போ போயிட்டு வந்துடலாம்" என்றான்.

நான் அண்ணியின் பின்னாலேயே சமையலறைக்குப் போய்க் கரித்துக் கொட்டினேன். "ஊரையே சந்தேகப்படுவீங்களே, நீங்க செஞ்ச பட்டையை மட்டும் எப்படி நம்பி ஒட்டினீங்க?"

"மெதுவா பேசு. பட்டையில ஒரு குத்தமும் இல்ல. இழுத்தா, இழுத்ததைச் சொல்லும். யார் இழுத்தாங்கன்னு அதுக்கென்ன தெரியும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க அண்ணன் ஒவ்வொரு தடவையும் தோளைத் தூக்குறாரு. ஒயர் இழுக்குது, பட்டை நீளுது. விரல் அசையவே இல்ல."

"தெரியாம பண்ணியிருப்பான், அண்ணி."

"தெரிஞ்சுதான். கத்தின்னா அவருக்கு உயிர் நடுங்கும். முதல் நாளே பார்த்துட்டேன். அவரே சொல்லிடுவாருன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"முதலாளி உங்களை வீட்டுக்கு அனுப்பிட்டா?"

"அனுப்பினா அனுப்பட்டும். அத்தை முன்னாடி, ஏன் ஏமாத்துறீங்கன்னு அவரை எப்படிக் கேக்கிறது?"

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு அவர் துணிமணியை நீயே எடுத்து வை. நான் போனா, எனக்கு எல்லாம் தெரியும்னு என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாரு."