அறுத்த வயலில் பிளாஸ்டிக் காகம்

ஸ்ட்ரெதம் பூக்கடை வாசலில் நனைந்த வைக்கோல் கட்டொன்றின் மணம் இன்று காலை மூக்கில் ஏற, வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றேன். லண்டன் விளிம்பில் இப்போது வீடுகளாகிவிட்ட அந்தக் கோதுமை வயல், அறுத்த தாளின் ஈரமும் வெடிப்புகையுமாக எனக்குள் அலையத் தொடங்கியது.

அங்கே பண்ணையில் வேலை செய்த அந்தோனி அண்ணை அப்பாவுக்குப் பழக்கமான மன்னார்க்காரர், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரர். அறுவடை முடிந்ததும் பிளாஸ்டிக் புறாக்களையும் காகங்களையும் காற்றுக்கு முகங்காட்டி நட்டுவிட்டு, வலைமறைப்புக்குப் பின்னால் துவக்கோடு இருப்பார். நிஜப் பறவைகள் கூட்டாளிகளென்று நம்பி இறங்கும், அவர் சுடுவார்.

ஊரில் செத்துப்போன சித்தப்பாவின் முதல் துவசத்தன்று, எங்கள் பிளேஸ்டோ வீட்டு ஜன்னலில் வைத்த படையலைப் புறாக்களே தின்று தீர்த்தன, காகம் வரவேயில்லை. சட்டியில் மிச்சமிருந்த சோற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறி அந்த வயலுக்கு ஓடிவந்த அப்பா, அதைப் பிளாஸ்டிக் காகத்தின் காலடியில் வைத்தார்.

“உன்ரை தம்பி பிளாஸ்டிக்குக்கு ஏமாறுவானோடா?” என்று அந்தோனி அண்ணை சிரித்தார்.

“அவன் ஆரையும் நம்புவான் அண்ணை,” என்றார் அப்பா.

அண்ணை சிரிப்பை நிறுத்தி, துவக்கிலிருந்து தோட்டாக்களைக் கழற்றினார். காற்று வலையை உலுக்க, அப்பா விரல்களை நெரித்தபடியிருக்க, வானத்தில் சுற்றிச் சுற்றி வந்த காகங்களில் ஒன்று, ஊர்க்காகம்போலக் கழுத்தில் சாம்பலில்லாத முழுக்கறுப்பு, கடைசியில் இறங்கிச் சோற்றைக் கொத்தியது.

அண்ணை எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது அப்பா கார்க்கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்குக் காகமும் சுடுவியளோ அண்ணை?”

“அந்தக் கூட்டத்துக்கை உன்ரை தம்பி எதெண்டு எனக்கென்னண்டு தெரியும்? இனிப் புறா மட்டுந்தான். நீ ரயிலைப் பிடி.”