ரிஜெக்ட் தொட்டியைக் கவிழ்க்கும் நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் கரண்டை நிறுத்துவார்கள். மிஷின் ஓடாத அந்த நாளில் எங்கள் தெருப் பட்டறைக்காரர்கள் யாராவது ஒருவருடைய பட்டறையில் கூடுவார்கள். டீ, வடை உண்டு. விதி ஒன்றுதான்: கூப்பிட்டவர் நல்ல சரக்கைக் காட்டக் கூடாது. கெட்டுப்போனதைப் போட்டுவைக்கும் ரிஜெக்ட் தொட்டியைத் தரையில் கவிழ்க்க வேண்டும். பார்ப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். என் முறை வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன்.

அப்புறம் தட்டிக்கழிக்க முடியவில்லை. இரும்புப் பெட்டிகளுக்குப் பவுடர் கோட்டிங் செய்வது, அதாவது பெயின்ட் பவுடரை அடித்து ஓவனில் சுட்டெடுப்பது, என் தொழில். ஓவனிலிருந்து எடுத்தால் பெயின்ட் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் ஆர்டர் கிடையாது என்று எனக்கிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். அது போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நானே எல்லோரையும் கூப்பிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தேன்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பவுடர் அடிக்கும் கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் வருகிறது என்றார் ஒருவர். இரும்பைச் சரியாகக் கழுவவில்லை என்றார் இன்னொருவர். இரண்டையும் ஏற்கெனவே சரிபார்த்துச் சலித்திருந்தேன். பக்கத்துப் பட்டறையில் ரப்பர் வாஷர் செய்பவர் மட்டும் பேசாமல் எழுந்து என் ஜன்னலருகே போய் நின்றார். அவருடைய எக்ஸாஸ்ட் ஃபேன் அதற்கு நேர் எதிரே இருந்தது.

"என்னாலதான்க்கா," என்றார். "அச்சுல ரப்பர் ஒட்டாம இருக்க சிலிக்கான் ஸ்பிரே அடிக்கிறேன். அந்தக் காத்து உன் ஷெட்டுக்குள்ளதான் வந்துகினு கீது. அது பட்டா பெயின்ட் நிக்காது."

எனக்கு முதலில் பொங்கியது கோபம்தான். எதையாவது சொல்லித் தொலைப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நாளைக்கு நான் மிஷினைப் போடல. நீ அடிச்சுப் பாருக்கா."

அவசர ஆர்டர் கையில் இருந்தும் மறுநாள் ஷட்டரை இறக்கிவிட்டார். என் பெட்டிகள் ஓவனிலிருந்து வழவழவென்று வந்தன. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு குழி இல்லை. அதன் பிறகு அவர் சிலிக்கான் இல்லாத ஸ்பிரேக்கு மாறிக்கொண்டார்.

இன்றும் நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பட்டறையைப் பூட்டியிருப்பேன். பக்கத்துக்காரர் என்ற முறையில் அவரே வந்து எனக்கு ஆறுதலும் சொல்லியிருக்கலாம்.