வேலையை விட்டுப் போகாதவள்

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த கொஞ்ச காலத்தில் அப்பா இறந்துபோனார். கருமாதி முடியும்வரை அம்மா தோட்டம் கொடுத்திருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. எங்கள் பக்கத்தில் தாலி அறுத்தவள் அப்படித்தான் இருப்பாள். லீவு கேட்டு எழுதிக் கொடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சாவுக்கு அடித்த தப்பு மேளம் தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவரைக்கும் கேட்டதே, இதைவிட என்ன சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

கருமாதிக்கு மறுநாள் அம்மா, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனாள். அவள் பெயரைக் கூப்பிடவில்லை. சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றவள் வேலையை விட்டுப் போனவளாம், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். வேலை போனால் காம்பராவும் போகும். நான் தலவாக்கலையில் தையல் கடையில் இருந்தேன், தோட்டத்து வேலைக்காரர் பேரேட்டில் என் பேர் கிடையாது. இரண்டு பேரும் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

தொழிற்சங்கம் எங்களுக்காகப் போட்ட வழக்கு அட்டனில், தொழில் நீதிமன்றத்தில் நடந்தது. தோட்டத்து வக்கீல் எழுந்து, சட்டத்தின் வார்த்தை தெளிவாக இருக்கிறது, துக்கத்துக்கு அதில் இடமில்லை என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குப் புரிந்தது.

சொல்லாமல் நின்றால் வேலை போகும் என்று தெரியுமா என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை அம்மாவிடம் தமிழில் கேட்டார். தெரியாதுன்னு சொல்லும்மா, ஒரே ஒரு பொய் சொல்லும்மா என்று நான் உள்ளுக்குள் கதறினேன்.

"தெரியுமுங்க" என்றாள் அம்மா.

எங்களுக்காகப் பேச வந்த சங்கத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சரிதான், எல்லாம் போச்சு!

"தெரிஞ்சும் ஏன் வரல?" நீதிபதி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார்.

"தாலி அறுத்த கையோட மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா பக்கத்து நெரையில யாருங்க நிப்பாங்க? நான் எங்கயும் ஓடிப் போகலைங்க. லயத்துலதான் இருந்தேன். அவருக்குப் பெட்டி அடிக்கப் பலகை குடுத்ததே தோட்டந்தானுங்களே."

நீதிபதி, தோட்டத்து வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொரையைப் பார்த்துப் பலகை கொடுத்தது உண்மையா என்றார். அது வழக்கம் என்று தொரை முனகினார்.

தீர்ப்புக்கு இன்னொரு நாள் போனோம். வேலையைப் போட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறவர்களுக்காக வந்த விதி இது, புருஷனைப் புதைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்தவளைத் துரத்த இதை இயற்றியவர்கள் நினைத்திருக்க முடியாது என்றார் நீதிபதி. வேலை திரும்பக் கிடைத்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

பஸ்ஸில் அம்மாவுக்கு விளக்கினேன். "பார்லிமெண்டுல சட்டம் போட்டவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு பாத்துத்தான் இப்படிச் சொன்னாராம்மா."

அவள் வெளியே பார்த்தபடி இருந்தாள். "நமக்குத்தான் பிரஜாவுரிமையும் இல்ல, ஓட்டும் இல்லையேடி. அவங்க மனசுல நாம எப்ப இருந்தோம்?"



மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்து ஓரமாக நானும் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டார். எப்போதும் வாய்க்குள்ளேயே பதில் சொல்லும் அம்மா, பங்களாவரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"இருக்கேங்க!"