சாமி பேரின் நடுவே மூச்சு

மூச்சு எடுப்பது பாவம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான், மாஸ்டர். பாட்டு கற்றுத் தருவதாகச் சொல்லிப் பயத்தைக் கற்றுத் தந்தீர்கள்.

நாற்பது வயதைத் தாண்டித்தான் உங்கள் பஜனை வகுப்பில் சேர்ந்தேன். திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் திருப்பதிக்கு வருவேன். நீங்கள் என்னைவிடச் சின்னவர். ஆனாலும் பயபக்தியோடுதான் உட்கார்ந்தேன். முதல் நாளே சட்டம் போட்டீர்கள். மூச்சை இழுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். நாமங்களைப் பாடும்போது வரி முடியும்வரை இடையில் மூச்சு எடுக்கவே கூடாது.

ஒருமுறை எடுத்துவிட்டேன். ஆர்மோனியத்தை நிறுத்தினீர்கள்.

"அக்கா, சாமி பேர ரெண்டா ஒடச்சிப் போட்டுட்டீங்களே. இப்ப யாரு வந்து ஒட்டறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு வீடுவரை என்கூடவே வந்தது. நாங்கள் திருமலையின் அடியில் வாழ்கிறவர்கள். பால் பொங்கினாலும் கால் இடறினாலும் வாயில் வருவது கோவிந்தா என்ற அந்தப் பெயர்தான். அதை உடைத்துவிட்டாய் என்றால் எங்களால் தாங்க முடியாது. அது தெரிந்துதான் சொன்னீர்கள்.

பிறகு, மூச்சு வளர வேண்டும் என்று மலைப்படி தொடங்கும் அலிபிரியிலிருந்து பாடிக்கொண்டே படியேற வைத்தீர்கள். மற்ற பக்தர்கள் நின்று, இளைப்பாறி, அவரவர் மூச்சுக்கு ஏற்றபடி கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் மட்டும் வயிற்றை இறுக்கிக்கொண்டு வரியை முடிக்கத் தவித்தோம். ஓரிடத்தில் என் உதடு மரத்துப்போனது. விரல்கள் இழுத்துக்கொண்டன. மூச்சு எடுத்தால் பெயர் உடையும், எடுக்காவிட்டால் நான் விழுவேன். நான் எடுக்கவில்லை. விழுந்தேன். கல்லில் பட்டு முட்டி கிழிந்தது. நீங்கள் குனிந்து, "வரி முடிஞ்சிச்சா அக்கா?" என்றீர்கள். உங்களுக்கு அது வேடிக்கை.

அன்றிலிருந்து மூச்சு தானாக வருகிறது என்ற நம்பிக்கையே போய்விட்டது. நான் இழுத்தால்தான் வரும், மறந்தால் நின்றுவிடும் என்று பயந்தேன். கத்தரிக்காய் நறுக்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூச்சைக் கவனிப்பேன். ஆட்டோவில் நடுவில் உட்கார மாட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றவே பயம். யாராவது பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்வதற்குள் காற்று தீர்ந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வேன்.

"பாட்டு கத்துக்கப் போயி மூச்சு வுட மறந்துகினு வந்துட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். ஒருநாள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய் பிளந்து நான் நின்றதைப் பார்த்தார். கிண்டல் நின்றது. சித்தூரில் தெரிந்த டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் என்னைப் படுக்க வைத்து மூச்சு இழுக்கச் சொன்னார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, காத்து உள்ள போவசொல்ல வயிறு ஏன் பள்ளமாவுது? பலூன் ஊதினா சின்னதாவுமா?"

"எங்க பாட்டு மாஸ்டாரு அப்படித்தான் சார் சொன்னாரு."

"அவரு பாடசொல்ல பக்கத்துல இருந்து பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. வகுப்பில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வீர்கள்.

நெஞ்சில் நோய் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொள், காற்று உள்ளே போகும்போது கை மேலே வரவேண்டும், தோள் அசையக்கூடாது, தேவைப்படும்போது எடு என்றார். வீட்டில் பாயில் படுத்துப் பழகினேன். வயிற்றைத் தளர விடவே பயமாக இருந்தது. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததை விட்டால் என்ன ஆகுமோ என்று பாதியில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மெல்ல மெல்லப் பழகியது. பாட மட்டும் வாய் திறக்கவில்லை.

பிறகு திருச்சானூரில் உங்கள் கச்சேரி வந்தது. மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வரியின் நடுவில், ஜால்ரா ஓங்கும் இடத்தில், மிருதங்கக்காரரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் முகத்தைத் திருப்பினீர்கள். ஜிப்பாவுக்குள் வயிறு புடைத்தது. மூச்சு எடுத்தீர்கள். பெயரின் நடுவில். அடுத்த வரியிலும் அதே சிரிப்பு, அதே மூச்சு.

நீங்கள் மேடை இறங்கியதும் கேட்டேன்.

"மாஸ்டாரு, நடுவுல மூச்சு எடுத்தீங்களே?"

"அது மேடை அக்கா, அது வேற. உங்களுக்கு வயசாயிடுச்சி, பயம் புடிச்சிகிச்சி. பேசாம ஜால்ரா தட்டிகினு இருங்க."

வயதா காரணம்? இன்றும் ஒரு நாமத்தைத் தொடங்கினால் பாதியில் தொண்டை பூட்டிக்கொள்கிறது. மூச்சு எடுக்கலாமா, கூடாதா என்று உடம்பு தடுமாறுகிறது. டாக்டர் சொன்னது புரிகிறது. பயம் போகவில்லை. அதை எனக்குள் போட்டவர் நீங்கள்.

என்னிடம் தனியாக வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். மறுபடியும் புதியவர்களைப் படியேற்றப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் வகுப்பைக் கூட்டி, மைக்கைப் போட்டு, அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். மேடையில் பாடும்போது அந்த நாம வரியில் நீங்கள் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறீர்கள்? அதை ஏன் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை?