நல்ல ஃபேனைக் கழற்றிய செவ்வாய்க்கிழமைகள்

தொண்ணூற்றேழாம் வருடத்தில் மட்டும் நான் ஏழெட்டு தடவை செத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் சந்நிதியில் என்னோடு உட்கார்ந்து பாடுகிற உங்களில் சிலர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் போட்டீர்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

ஆஸ்டின் டவுனில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. ஃபேன், மிக்ஸி எது எரிந்தாலும் கம்பி சுற்றித் தருவேன். பக்கத்துக் கடை முனிராஜு என் வயதுக்காரன். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமே எனக்கு ஆரம்பித்தது. நெஞ்சு படபடக்கும். கை மரத்துப்போகும். மூச்சு அடைக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். இ.சி.ஜி. எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். எனக்கு டாக்டர் மேல் சந்தேகம். அந்த மிஷின் மேல் அதைவிடச் சந்தேகம். எந்த மிஷின் எப்போது ஏமாற்றும் என்று எனக்குத் தெரியாதா? அதில்தானே என் பிழைப்பு.

ஒவ்வொரு தடவையும் ஆட்டோ வருவதற்குள் கடைசி வார்த்தைகளைச் சொல்லி முடித்துவிடுவேன். மனைவி வசந்தாவுக்கு கேஸ் சிலிண்டரைப் பற்றி. ஒன்பது வயது மகள் தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவைப் பாத்துக்கோ கண்ணு, விட்டுடாதே" என்று. வசந்தா ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏங்க, சும்மா சும்மா சொல்லிக்கினு கிளம்பறீங்க, சாயங்காலம் திரும்பி வந்து உப்புமா கேக்கறீங்க" என்றாள். நான் சிரித்தேன். தேவி சிரிக்கவில்லை.

ஆடி பிறந்ததும் தேவிக்கு வயிற்றுவலி வந்தது. யூனிஃபார்ம் போடும்போது வரும், பள்ளிக்கூடம் ஆரம்பித்தபின் போய்விடும். சில நாள் வாந்தியும் எடுத்தாள். ரத்தம் பார்த்தோம், ஸ்கேன் பார்த்தோம், எதிலும் குறை இல்லை. பள்ளிக்கூடம் நின்றே போனது. இப்படியே போனால் பெயரை எடுக்க வேண்டிவரும் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். எதிர்க் கடைக்காரனில் தொடங்கி என் மச்சினன் வரைக்கும் செய்வினை வைத்தது யாராக இருக்கும் என்று யோசித்தேன்.

கடைசியில் ஈரத் துணியோடு நம் அம்மன் முன்னால் போய் நின்றேன். "தாயே, என் உயிரை எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பு" என்று வேண்டத்தான் போனேன். முதல் பாதி வாயில் வரவில்லை. அவள் கேட்டுவிட்டால்? இரண்டாம் பாதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு வந்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு அம்மாள் நின்றார். கையில் குடை, தோளில் ஜோல்னா பை.

"நான் சிஸ்டர் ரத்னம்மா. பாப்பாக்கு வயிறு பாத்த டாக்டர் அனுப்பினாரு. குழந்தைங்க மனநலப் பிரிவு."

மனநலம் என்று கேட்டதும் வாசலைத் தாண்டி வெளியே வந்தேன். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வேன் எங்கே நிற்கிறது என்று தெருவின் இரண்டு முனையும் பார்த்தேன். வேன் இல்லை. பஸ்ஸில் வந்தாராம். சந்தேகம் இன்னும் கூடியது.

"ஊசி போடுவீங்களா?"

"இல்ல சார்."

"மாத்திரை?"

"அதுவும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"பாப்பா கூட ஸ்வல்ப நேரம் விளையாடலாம்னு."

விளையாடுவதற்குச் சம்பளமா? இவரைத் தனியாக விடக் கூடாது என்று முடிவு செய்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்ற ஆரம்பித்தேன். மேலேயிருந்து அவர் பைக்குள் இருப்பதெல்லாம் தெரிந்தது. சொப்புச் சாமான், துணிப் பொம்மைகள். வேறொன்றும் இல்லை. அடுத்த செவ்வாயும் வந்தார், அடுத்த செவ்வாயும் நான் ஃபேனைக் கழற்றினேன்.

"அந்த ஃபேனுக்கு நோவு வரவெச்சுட்டுதான் இறங்குவீங்க போல" என்றாள் வசந்தா.

அவர் தேவியிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வசந்தாவிடம் வீட்டு நடப்பையெல்லாம் கேட்டார். கிளம்பும்போது என்னிடம், "சார், நீங்க நல்லா தூங்கறீங்களா?" என்றார். நான் தூங்கினால் இவருக்கு என்ன? என்னை வேவு பார்க்க யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று தீர்மானித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே போனேன். வழியில் மழை பிடித்தது. அவர் திரும்பிப் பார்த்து, "நனையறீங்களே சார், குடைக்குள்ள வாங்க" என்றார்.

மூன்றாவது செவ்வாய். நான் ஸ்டூல் மேல், கழற்றிய ஃபேன் என் கைகளில். கீழே தேவி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தாள்.

"இவரு யாரு?" என்றார் சிஸ்டர்.

"அப்பா."

"ஏன் படுத்திருக்காரு?"

"சாகறாரு."

"பக்கத்துல இந்தப் பாப்பா?"

"பாத்துக்குது. ஸ்கூலுக்குப் போனா அப்பா செத்துடுவாரு. விட்டுடாதேன்னு அப்பாவே சொன்னாரு." பொம்மையின் மார்பில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "அதுக்குத்தான் வயிறு வலிக்குது."

என் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கை மரத்தது. இந்தத் தடவை நிஜமாகவே போகிறேன் என்று நினைத்தேன். எல்லாத் தடவையும் அப்படித்தான் நினைத்தேன். தேவி பொம்மையைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். சிஸ்டர் முதலில் ஃபேனை வாங்கி வசந்தாவிடம் கொடுத்தார். பிறகு என்னை இறக்கித் தரையில் உட்கார வைத்தார்.

"உங்க ரிப்போர்ட் எல்லாம் அம்மா காட்டினாங்க சார். இதயம் நல்லா இருக்கு. இது பயம். ஏறும், அப்புறம் தானா இறங்கும். மூச்சை மெதுவா வெளிய விடுங்க." பிறகு தேவியிடம், "கண்ணு, நீ கையை எடு. பெரியவங்க நாங்க இருக்கோம். என்ன ஆகுதுன்னு மட்டும் பாரு" என்றார்.

தேவி கையை எடுத்தாள். இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அவள் கை இல்லாமலும் நான் சாகவில்லை. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அதன் பிறகு சிஸ்டர் என்னையும் டாக்டரிடம் அனுப்பினார். சந்தேகத்தோடுதான் போனேன், ஆனாலும் விடாமல் போனேன். பள்ளிக்கூடத்துக்கு அவரே போய் டீச்சரிடம் பேசினார். முதலில் அரை நாள் மட்டும். மத்தியானம் நான் கேட்டில் நின்று உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். தேவியை உட்கார வைத்துச் சொன்னேன்: "அப்பாவைப் பாத்துக்கறது டாக்டர் வேலை, அம்மா வேலை, அப்பாவோட வேலை. உன் வேலை வாய்ப்பாடு."

"அப்ப மொட்டை?" என்றாள்.

"அது என் வேலை."

ஆவணி முடிவதற்குள் முழு நாளும் போக ஆரம்பித்தாள். நம் அம்மன் சந்நிதியில் தலையைக் கொடுத்தேன். அடுத்த செவ்வாய் சிஸ்டர் வந்து என் தலையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஃபேன் கழட்டலையா சார்?" என்றார்.

இப்போது தேவி காலேஜில் படிக்கிறாள். பயம் இன்னமும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு உட்காருகிறேன், போய்விடுகிறது. கடைசி வார்த்தை எதுவும் சொல்வதில்லை.

பிள்ளைக்காக வேண்டினேன். நோய் எங்கே தொடங்குகிறது என்று தாய் பார்த்தாள். எனக்கும் சேர்த்து ஆள் அனுப்பினாள், அதுவும் பஸ்ஸில். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் பிள்ளை வாடினால் அவளிடம் போய் நில்லுங்கள், என்னைப் போல் அரைகுறையாக வேண்டினாலும் கேட்பாள். அதற்கப்புறம் வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு முதலில் நாற்காலி போடுங்கள். சந்தேகப்படுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஃபேன் கழற்றிக் கழற்றி மாட்டியதில் ஆட்டம் கண்டுவிட்டது. வைண்டிங் கடைக்காரர் வீட்டு ஃபேனா இது என்று வருகிறவர்கள் பயந்து தள்ளி உட்காருகிறார்கள். தேவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"ஆடும்," என்கிறாள். "விழாது."