கடலில் எறிந்த வெள்ளி வில்லை

மகன் இணையத்தில் வாங்கிய வெள்ளி வில்லையைக் காட்டினான். நாணயம் மாதிரி வட்டமாக, அதில் பழைய படக்கதை நாயொன்று தொப்பி போட்டுச் சிரித்தது. எனக்கு ரிபாயா நினைவுக்கு வந்தாள்.

சின்ன வயதில் திருகோணமலைத் துறைமுகத் தெருவில் அவள் எங்களுக்குப் பக்கத்து வீடு. கப்பலில் வேலை செய்த அவளுடைய வாப்பா இப்படியொரு வில்லை கொண்டுவந்து கொடுத்தார். வகுப்பில் எல்லாருக்கும் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாள். நான் கேட்டபோது மட்டும், "உன்ர கை ஊத்தை, தர ஏலாது" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டுக்குப் போய், அவள் முகம் கழுவப் போன நேரம் அதை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினேன். கடலில் எறிந்துவிட்டேன்.

பின்னேரம் முழுக்க அவள் அழுது அழுது தேடினாள். நானும் கூடத் தேடுவதுபோல் நடித்தேன். அவளுடைய வாப்பா அவளைத் தூக்கி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"துலைஞ்சாத் துலையட்டும் மகள். நீ இருக்கிறாய்தானே, எனக்கு அது போதும்."

என் வாப்பா என்னை அப்படித் தூக்கியதே இல்லை. அவள் வில்லையைத் தரமாட்டேன் என்றபோது எரிந்ததைவிட அப்போதுதான் கூட எரிந்தது.

"பிறகாவது அவட்டச் சொன்னீங்களா, உம்மா?" என்று, நான் சொன்னதைக் கேட்டு முடித்த மகன் கேட்டான்.

"இல்ல மகன். இப்பவும் அவளுக்குக் கிடைச்ச அந்த வாப்பாவ நினைச்சா எனக்குப் பொறாமைதான்."